கோவில்பட்டிக்கு ஒரு நாள் போய் மூன்று நாள் இருந்த கதை

மே 17, சனி, காலை

லீவுக்கு மதுரையில் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நாலாம் வகுப்பு முடித்த என் மகளுக்கு மீனாட்சி கோயில், மகால், ஜிகர்தண்டா எல்லாம் முதல் மூன்று நாளிலேயே முடிந்துபோனது. "மிட்டாய் ஃபாக்டரிக்குப் போலாம்னு சொன்னியே, எப்போ?" என்று தினமும் காலையில் ஆரம்பிப்பாள். சொன்னது நான்தான். கோவில்பட்டியில் இருக்கும் என் ஹாஸ்டல் தோழியைப் பார்க்கப் பன்னிரண்டு வருடமாக வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவள் புகுந்த வீட்டில் கடலை மிட்டாய் போடுகிறார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

திட்டம் எளிமையானது. காலை ஏழு மணிக்கு அண்ணன் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது, மிட்டாய் போடுவதைப் பார்ப்பது, தோழி வீட்டில் சாப்பிடுவது, பொழுது சாய்வதற்குள் மதுரை. மொத்தம் நூறு கிலோமீட்டர்தான். மாற்றுத் துணி எடுக்கவில்லை. பல் விளக்கும் பிரஷ்கூட எடுக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம் தாண்டியதும் மண் கறுக்க ஆரம்பித்தது. விருதுநகர் போகும்போது இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், நடுநடுவே சீமைக்கருவேலம். இந்த மண்ணில் வெடிப்பு விட்டால் கால் உள்ளே போகும் என்று என் கணவர் சொன்னதை நம்பாமல் மகள் இறங்கிப் பார்த்தே தீருவேன் என்றாள். சாத்தூர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நுங்கு வெட்டுபவர் இருந்ததால் அங்கேயே நிறுத்தினோம். பத்துச் சுளை 80 ரூபாய். பனையோலைப் பட்டையில் பதநீரும் ஊற்றிக் கொடுத்தார். பட்டையைப் பிடிக்கத் தெரியாமல் பாதியை என் கணவர் சட்டையில் விட்டுக்கொண்டார்.

நுங்குக்காரர் மகளுக்கென்று ஒரு காயை வெட்டி, விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். "ஏண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன். "முத்திருச்சு தாயி. பெரியவுகன்னா குடுத்திருவேன். பிள்ளைக்கு வயித்த வலிக்கும்" என்றார். அந்தக் காய்க்குக் காசும் வாங்கவில்லை. மதுரையில் இரண்டு நாள் முன்பு எனக்கு விற்ற நுங்கு எல்லாமே ரப்பர் பந்து மாதிரிதான் இருந்தது.

மே 17, சனி, பகல்

தோழி வாசலிலேயே நின்றிருந்தாள். "வாடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கட்டிக்கொண்டாள். நான் குண்டாகிவிட்டேன் என்று அவளும் அவளுக்கு நரைத்துவிட்டது என்று நானும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி முடித்தோம். ஹாஸ்டல் நாட்களில் மாதம் ஒருமுறை இவள் ஊரிலிருந்து மஞ்சப்பையில் மிட்டாய் கொண்டுவருவாள். பெட்டிக்குப் பூட்டு போட்டிருப்பாள். பூட்டின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். தூங்கும்போது கழற்றுவோம்.

மிட்டாய் போடும் இடம் அவள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. அவள் மாமனாரின் அண்ணன், பெரிய மாமா என்று கூப்பிடுகிறாள், நாற்பது வருடத்துக்கு மேலாக நடத்துகிறார். கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. சுவரில் புகைக்கரி. இரண்டு அடுப்பு, ஒரு நீண்ட மேசை, மூட்டை மூட்டையாகக் கடலை. மொத்தம் எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் பெண்கள்.

மகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குழாய் குழாயாக மிட்டாய் ஓடும், பட்டனை அமுக்கினால் கலர் கலராகக் கொட்டும் என்று அவள் மனதில் ஒரு படம் இருந்திருக்கிறது. "அம்மா, ஃபாக்டரி எங்கே?" என்று என் காதில் கேட்டாள். பெரிய மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. "இதாம் பாப்பா ஃபாக்டரி. மெஷினு அந்தா நிக்கி பாரு" என்று அடுப்படியில் நின்ற மாஸ்டரைக் காட்டினார். மாஸ்டர் சிரிக்கவில்லை. பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு மூலையில் வறுத்த கடலையைத் தேய்த்துத் தோலை உதிர்த்து, சொளகில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தோல் காற்றில் பறந்து மூக்கில் ஏறியது. பருப்பு முழுசாக இருக்கக் கூடாது, இரண்டாக உடைந்திருக்க வேண்டும், அப்போதுதான் பாகு உள்பக்கமும் பிடிக்கும். கறுத்தது, சூம்பியது, பூச்சி விழுந்தது எல்லாம் கண்ணால் பார்த்தே பொறுக்கி எறிகிறார்கள். ஒரு கசப்புப் பருப்பு வாயில் அகப்பட்டால் அதன் பிறகு பத்து மிட்டாய் தின்றாலும் அந்தக் கசப்புத்தான் நினைவில் நிற்கும் என்பதால் இந்த வேலைக்குப் பழைய ஆட்களைத்தான் உட்கார வைப்பாராம்.

வெல்லம் தேனி, சேலம் பக்கத்திலிருந்து வருகிறது. கரைத்து வடிகட்டினால் அடியில் மண்ணும் தூசியும் தங்குகிறது. வடித்ததைத் திரும்ப அடுப்பேற்றி, பூத்துப் போகாமல் இருக்கக் கொஞ்சம் குளுக்கோஸ் பாகு சேர்க்கிறார்கள். பிறகு மாஸ்டரின் ராஜ்ஜியம். கரண்டியில் பாகை எடுத்துக் குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். விரலால் திரட்டி எடுத்து வளைத்தார். வளைந்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி கிண்டினார். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. இந்த முறை திரட்டியதைக் குவளை விளிம்பில் தட்டினார். "டிங்" என்று கண்ணாடி மாதிரி சத்தம். உடனே பாத்திரத்தை இறக்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் வருவதற்கு முன்னால் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், கொஞ்சம் தாமதித்தால் காந்தல் கசப்பு. தெர்மாமீட்டர் வைக்கலாமே என்றார் என் கணவர். பெரிய மாமா பதில் சொல்லாமல் அவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஓட்டம்தான். பாகில் கடலையைக் கொட்டிப் புரட்டி, அரிசி மாவு தூவிய மேசையில் கவிழ்த்து, உருளையால் ஒருவர் தேய்க்க, இன்னொருவர் தேங்காய்ப் பூவைத் தூவ, மூன்றாமவர் சட்டத்தை வைத்து வெட்டுகிறார். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சாயம் ஏறிய அந்தத் தேங்காய்ப் பூவுக்கு ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோவில்பட்டி மிட்டாய் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சூடு ஆறினால் கத்தி இறங்காது, சில்லுச் சில்லாக உடைந்துவிடும். அதனால் வெட்டி முடிக்கும்வரை அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை.

பேச்சு வந்தது டீ நேரத்தில்தான். முன்பெல்லாம் வீடுகளில் கருப்பட்டிப் பாகில்தான் கடலை உருண்டை பிடிப்பார்கள், 1940-களில் பொன்னம்பல நாடார் என்பவர் வெல்லத்தில் போட்டு இங்கே கடையில் விற்க ஆரம்பித்து அதுதான் ஊர் அடையாளமானது என்று பெரிய மாமா சொன்னார். தாமிரபரணித் தண்ணி, கரிசல் காட்டுக் கடலை, இது இரண்டும்தான் ருசி என்பது அவர் கட்சி. "எல்லாமே உங்க காட்டுக் கடலைதானா மாமா?" என்று கேட்டேன். "பொய் சொல்லக் கூடாதும்மா. நம்ம கடலை பத்தாது. பத்தாததுக்கு வெளியூர்க் கடலையும் எடுக்கத்தான் செய்யுதோம்" என்றார். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லதுதான். குறியீடு வந்துச்சு, கடலை விலை எறங்கலையே!" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்போது மேசையிலிருந்து அடுத்த ஈடு வெட்டி முடித்தார்கள். ஓரத்தில் கோணல்மாணலாகத் தங்கும் துண்டுகளைத் தனியாக ஒதுக்குகிறார்கள். சூடாக, பளபளவென்று இருந்தது. "ஆறட்டும்மா, ஆறட்டும்" என்று பொட்டலம் போடும் அக்கா சொல்லச் சொல்ல நான் ஒன்றை எடுத்து இடது கடைவாயில் போட்டேன். சூட்டோடு இருக்கும் மிட்டாய் நொறுங்காது, மெழுகு மாதிரி அமுங்கிப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். என்ன ருசி என்கிறீர்கள்! நெய்யே சேர்க்காத பண்டத்தில் நெய் வாசம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது தடவை கடித்துத் திறந்தேன்.

வாயில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. கையில் துப்பிப் பார்த்தேன். மிட்டாய்க்கு நடுவில் கடலையோடு கடலையாக என் கடைவாய்ப் பல்லின் கேப் உட்கார்ந்திருந்தது. ஆறு வருடம் முன்பு சென்னையில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்துப் போட்டது.

மகளுக்கு அன்றைய நாளில் முதல்முறையாக ஃபாக்டரி பிடித்தது.

மே 17, சனி, இரவு

பல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஐந்து மணிக்குமேல் வாருங்கள் என்றார்கள். ஐந்தரைக்குப் போனால் டாக்டர் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டார், நாளைக் காலைதான் என்றார்கள். மதுரைக்கே திரும்பிவிடலாம் என்றேன். அப்போது இடி இடித்தது. பத்து நிமிடத்தில் தெரு முழுக்கத் தண்ணீர். கோடை மழை என்றால் இந்த ஊரில் திருவிழா போல. எதிர்வீட்டுத் தாத்தா சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று நனைந்தார். கொட்டகையிலோ ஒரே பரபரப்பு. மிட்டாயில் ஈரக்காற்று பட்டால் நமுத்துவிடும் என்று ஆறியதும் ஆறாததுமாகப் பெட்டிகளில் அடைத்து மூடினார்களாம்.

"தங்கிட்டுப் போங்கடி, என்ன இப்போ" என்றாள் தோழி. அவளுடைய நைட்டி எனக்கு. அவள் கணவரின் வேட்டி என் கணவருக்கு. அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்காது, பெல்ட் போட்டுக்கொண்டு உலாவினார். பிரஷ் மூன்று 75 ரூபாய். எனக்கான பிரஷ்ஷைக் கொடுக்கும்போது தோழி சிரித்ததை நான் மறக்க மாட்டேன்.

இரவுக்குக் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் முறுக்கு வத்தலும் தயாராக இருந்தன. வத்தலை எல்லாரும் நொறுக்க, நான் ஒரு பக்கமாக மெதுவாக மென்றுகொண்டிருந்தேன். தோழியின் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வெண்கலக் கிண்ணத்தில் உளுந்தங்களி வந்தது. கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. "இது வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கிண்டிக் குடுக்கது. ஒனக்குப் பல்லு போயிருச்சு, பரவாயில்ல, தின்னு" என்றார். நான் இரண்டு கிண்ணம் தின்றேன்.

கரண்ட் போய்விட்டது. மழை விட்டதும் மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். கரிசல் மண் நனைந்த வாசம் வேறு மாதிரி. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்தது போலக் கனமாக இருக்கிறது. மாமியார் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவராம். எட்டு வயதில் போனாராம். என் மகளைவிட ஒரு வயது சின்னவர். இங்கே தொழிற்சாலை என்றால் யாருக்கும் புரியாது, 'ஆபீஸ்' என்றால்தான் புரியும். பிறகு பெரிய மாமாவின் கொட்டகையில் பத்து வருடம் பொட்டலம் போட்டிருக்கிறார். இருட்டில் பேசிக்கொண்டே மகளின் தலையில் பேன் பார்த்தார். அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்தால் இரண்டு வேலையையும் இன்னும் விடவில்லை என்று தோன்றியது.

எல்லாரும் படுத்த பிறகு தோழி மெதுவாகச் சொன்னாள், அவள் கடலை மிட்டாய் தின்று பதினைந்து வருடம் ஆகிறதாம். "கல்யாணமான புதுசுல தலை குளிச்சாலும் வெல்ல வாசம் போகாதுடி. ஸ்கூலுக்குப் போனா பிள்ளைங்க, மிட்டாய் டீச்சர்னுதான் கூப்பிடும்." அவள் கணவர் ஹார்டுவேர் கடை வைத்துவிட்டார். பெரிய மாமாவின் மகன்கள் இருவரும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில். அவருக்குப் பிறகு என்ன என்று நான் கேட்டேன். "மாஸ்டர் எடுத்து நடத்துவார்னு நெனைக்கேன். அவருக்கும் அம்பத்தெட்டு" என்றாள். கொசு கடித்ததால் இறங்கிவிட்டோம்.

மே 18, ஞாயிறு

டாக்டர் இளம்பெண். என் கைக்குட்டையிலிருந்து கேப்பை எடுத்துப் பார்த்தவர், அதில் இன்னும் ஒட்டியிருந்த கடலைத் துணுக்கைச் சுரண்டிக்கொண்டே, "எந்தக் கடை?" என்று கேட்டார். கடையில் இல்லை, அடுப்படியிலேயே என்றேன். "வெளியூரா? எங்க ஊர்க்காரங்க சூடா கடிக்க மாட்டாங்களே" என்றார். சுத்தம் செய்து ஒட்டி, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு நாளைக்குக் கெட்டியாக எதையும் கடிக்கக் கூடாது, ஒட்டுகிற மிட்டாய் அந்தப் பக்கம் எப்போதுமே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குமேல் கிளம்பலாம்தான். ஆனால் தோழி மதியத்துக்குக் கோழி எடுத்துவிட்டாள். சாப்பிட்டதும் கழுகுமலைக்குப் போகலாம் என்றாள். இருபது கிலோமீட்டர்தானே என்று மூன்று மணி வெயிலில் ஏறினோம். முட்டாள்தனம். பாறை கொதித்தது. மகளைச் செருப்போடு தூக்கிக்கொண்டு நடந்தோம்.

வெட்டுவான் கோயிலைப் பார்த்ததும் வெயில் மறந்துபோனது. கீழிருந்து கட்டிய கோயில் இல்லை. மலைப் பாறையைச் சுற்றிலும் குடைந்து, சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 8-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். மேலே பூதகணங்கள் சிரிக்கின்றன, குரங்கு உட்கார்ந்திருக்கிறது, தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிக்கிறார். கீழே வர வர உளித் தடம் மட்டும். அடிப்பகுதி முடியவே இல்லை. மேலிருந்து வெட்டும்போது ஒரு மூக்கு உடைந்தாலும் ஒட்ட முடியாதே என்று நினைத்தபோது நாக்கு தானாகவே கேப்பைத் தொட்டுப் பார்த்தது. பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மகள் அறுபது வரை எண்ணிவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்காங்க, ஒருத்தரை ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டுவதற்குள் அவளை இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. அன்றும் கோவில்பட்டியில்தான் படுக்கை. வேட்டியில் பெல்ட் இல்லாமலே நிற்கக் கற்றுக்கொண்டார் என் கணவர்.

மே 19, திங்கள்

மதியச் சாப்பாடு முடித்து நிஜமாகவே கிளம்பினோம். மாமியார் ஒரு தூக்குவாளியில் களி கொடுத்தார். தோழி ஒன்றும் சொல்லாமல் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

இந்த நெடுஞ்சாலையில் விற்பதெல்லாம் கடித்து நொறுக்க வேண்டிய பண்டங்களாகவே இருக்கின்றன. சாத்தூரில் காராச்சேவு. சுடச்சுட, மிளகும் பூண்டும் மணக்க, கிலோ 320. என் கணவர் அரை கிலோ வாங்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டார். கார் முழுக்கக் கரக் கரக் என்று சத்தம். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டு ஊறவைத்தேன். ஊறிய காராச்சேவு கடலைமாவுக் கூழ்தான். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. எண்ணெயில் பொரித்து, ஓரமெல்லாம் முறுகலாக, அதைக் கையால் நொறுக்கி மகள் ஓரத்தை மட்டும் தின்றாள். அவள் விட்டுவைத்த நடுப்பகுதியைச் சால்னாவில் முக்கி நான் தின்றேன். பரிமாறியவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அக்காவுக்குப் பல்லுவலியா?" என்று கேட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றிவிட்டுப் போனார்.

மதுரையில் வந்து டிக்கியைத் திறந்தபோதுதான் மிட்டாய் நினைவு வந்தது. சனிக்கிழமை பெரிய மாமாவிடம் கிலோ 240 என்று நாலு கிலோ வாங்கி டிக்கியில் வைத்தது. கழுகுமலை அடிவாரத்தில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற கார். பாக்கெட்டுகள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, இரவில் இறுகி, கவரோடு சேர்த்து ஒரே பாளம். மேலே ரோஸும் பச்சையும் கலந்த தேங்காய்ப் பூ, செங்கல்லில் கோலம் போட்ட மாதிரி. அண்ணன் கையில் வாங்கிப் பார்த்து, "படிக்கட்டு உடைஞ்சிருக்கு, அங்கே வச்சிரலாமா?" என்றான்.

அண்ணி கோணிச்சாக்கை விரித்துப் பாளத்தை வைத்து அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டார். சில்லுகள் அடுப்படி மூலைவரை தெறித்தன. பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். சாயங்காலம் முழுக்க வீட்டில் யாரும் பேசவில்லை, நொறுக்கும் சத்தம்தான். பெரிய மாமாவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நம்ம மிட்டாய் வெயிலுக்கு உருகும்மா, ஆனா கெட்டுப்போகாது. நல்லா இருக்கா, நமுத்துருச்சா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, தின்று பார்க்காமல்?

சின்னச் சில்லு ஒன்றை வலது கன்னத்தில் ஒதுக்கி, கடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெல்லம் மெல்லக் கரைந்தது. நமுக்கவில்லை. கடைசியில் நாக்கில் ஒரு அரைக் கடலை மட்டும் நின்றது. மகளைக் கூப்பிட்டு அதை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"ச்சீ!" என்று உதறிவிட்டு ஓடினாள்.